தண்ணீர் விட்ட குழி

1997. கீழ்பென்னாத்தூர் வள்ளியின் கணவன் ஏரியில் மூழ்கி இரண்டு வருஷம் ஆகியிருந்தது. இடுப்பில் இருந்த குழந்தைக்கு ஆறு மாசம். "உங்க புள்ளையோடதுதான் மாமா, டெஸ்ட்டே சொல்லட்டும்" என்று மாமனாரையும் செங்கம் ரோட்டில் இருந்த எங்கள் லேபுக்கு இழுத்து வந்திருந்தாள்.

நொதி டி.என்.ஏ.வை வெட்டும். துண்டுகளை ஜெல் தகட்டில் ஆளுக்கொரு குழியில் விட்டு மின்சாரத்தில் ஓட்டினால், படத்தில் அந்தந்தக் குழிக்குக் கீழே கோடுகளாக விழும். குழந்தையின் கோடுகளில் பாதி தாயுடையவை, மீதி தகப்பனுடையவை. கடைசிக் குழியில் வெறும் தண்ணீர்தான் விடுவோம். அங்கே எதுவும் விழக்கூடாது.

விழுந்தது. குழந்தையின் கோடுகளில் வள்ளியிடம் இல்லாதவை அத்தனையும் அந்தத் தண்ணீர்க் குழிக்குக் கீழே இருந்தன. தண்ணீரை மாற்றி மறுபடி ஓட்டினேன். மாறவில்லை.

"படத்துல அந்தக் குழிய வெட்டிடும்மா" என்றார் லேப் டாக்டர்.

"மாட்டேன் சார்" என்றேன்.

முழுப் படத்தையும் மாமனாரிடம் காட்டி விளக்கினேன். வெகுநேரம் பார்த்தார். பிறகு அந்தக் குழிக்குத் தண்ணீர் எடுத்த, மேசைமேல் இருந்த பாட்டிலைக் காட்டி, "இத நான் எடுத்துக்கட்டுமாம்மா?" என்றார்.

வள்ளி குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றினாள்.

"அதெல்லாம் வேணாம் மாமா. இன்னிக்காவது கதவத் தாழ் போடாம வைங்க. தெனமும் அவரு வந்து பாத்துட்டுத் திரும்பிப் போறாரு."