அம்மாவுக்கு ஏற்ற விளையாட்டு

எழுபத்தைந்து வயது தாண்டியவர்கள் தினமும் செல்போனில் ஞாபக விளையாட்டு ஆட வேண்டும் என்பது அரசின் புதுச் சட்டம். புள்ளி சரிந்தால் கையெழுத்து உரிமை பிள்ளைக்குப் போய்விடும். ரோசம்மாளுக்கு மகன் ஜெயசீலனே ஒன்றைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தான்.

"பாதுகாப்பானதும்மா. ஜாலியா இருக்கும்."

வீட்டை விற்க அவனுக்கு அந்தக் கையெழுத்து தேவைப்பட்டது. அவள் குளிக்கப் போகும்போதெல்லாம் அவனே போனை எடுத்து, வேண்டுமென்றே தப்புத்தப்பாக ஆடினான். ஒருநாள் கதவிடுக்கு வழியாக ரோசம்மாள் அதைப் பார்த்துவிட்டாள். அதன்பிறகு அவள் விளையாட்டைத் தொடவே இல்லை, நிதானமாகக் குளித்தாள்.

அடுத்த மாதக் கடைசியில் அதிகாரி வந்தார். "இந்த மாசம் ஆடினப்போ போன்ல பதிவான விரல்ரேகை முழுக்க உங்க மகனோடதும்மா. மறதி அவருக்குத்தான். இனி அவருக்கும் சேர்த்து நீங்கதான் கையெழுத்துப் போடணும்."

ஜெயசீலன் வெளிறிப்போனான். "அம்மா, நீயாவது சொல்லும்மா!"

"சின்ன வயசுல நல்லாத்தான் சார் இருந்தான், பாவம்" என்றபடி ரோசம்மாள் பேனாவைத் திறந்தாள்.