பார்பரம்மாளின் அப்பா

“உன் தலையை வெட்டாமல் இந்தக் கை ஓயாது!” என்று கனகசபாபதி வாளை ஓங்கினார். எதிரே மண்டியிட்டிருந்த ரோஜா அவர் பெற்ற மகள்.

“ஒத்திகையிலயே இம்புட்டுக் கோவம் வேணாம்யா, அட்டைக்கத்தி முறிஞ்சிரும்” என்று கெஞ்சினார் நாடகம் நடத்துகிற சந்தியாகு வாத்தியார்.

டிசம்பர் நாலு பார்பரம்மாள் திருநாள். இடிக்கும் வெடிமருந்துக்கும் காவல் அந்தப் புனிதைதான் என்பதால், நாரணாபுரம் பக்கத்துப் பட்டாசுக் கம்பெனி ஆட்கள் எந்தச் சாமியைக் கும்பிட்டாலும் அன்றைக்கு அவள் கோயிலில் ஒரு மெழுகுவத்தி ஏற்றிவிடுவார்கள். சாயங்காலம் அவள் கதை நாடகமாகும். கிறிஸ்து வேதத்தில் சேர்ந்து, தான் சொன்ன மாப்பிள்ளையையும் வேண்டாமென்ற மகளை அப்பன் கோபுரத்தில் அடைக்கிறான், கடைசியில் தானே வெட்டுகிறான், வெட்டின கையோடு மின்னல் விழுந்து சாகிறான்.

அந்த அப்பன் வேஷத்துக்குத்தான் வருஷா வருஷம் ஆள் கிடைக்காது. மருந்து அள்ளிப் பிழைக்கிற ஊரில், நாடகத்தில்கூட நெருப்பில் சாக எவன் சம்மதிப்பான்? இந்த வருஷம் கனகசபாபதி தானாகவே வந்து கேட்டு வாங்கிக்கொண்டார். “காலண்டர் பிரஸ்ல பேப்பர் வெட்டுறவன் நான், எனக்கென்னய்யா பயம்?”

ரோஜாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வீட்டிலும் அவளுக்கு இதே கதைதான். அம்மா பொன்னுத்தங்கம் தன் தம்பி லட்சுமிகாந்தத்துக்கே அவளைக் கட்டி வைப்பதென்று தை மாதம் நாள் குறித்துவிட்டாள். “நீங்களாவது வேணாம்னு சொல்லுங்கப்பா” என்று அழுதபோது, “உங்கம்மா சொன்னாச் சரிதான்” என்று சோற்றைப் பிசைந்தார் மனுஷர். இவருக்கு வேஷமே தேவையில்லை, அப்படியே மேடையேறலாம் என்று நினைத்துக்கொண்டாள்.

அவள் மனசெல்லாம் செழியனிடம். நாடகத்துக்கு மின்னலும் புகையும் காட்டுவது அவன் பொறுப்பு. வாள் இறங்கியதும் மின்னல், மின்னலோடு புகை, புகையோடு இரண்டு பேரும் ஓட்டம். கோயிலுக்குப் பின்னால் அவன் கூட்டாளி கதிரவன் ஆம்னி வேனோடு நிற்பான், விடிந்தால் திருப்பரங்குன்றத்தில் தாலி. அகப்பட்டால் தை மாதம் லட்சுமிகாந்தம்தான்.

ஒத்திகை முடிந்ததும் கனகசபாபதி செழியனைப் பிடித்துக்கொண்டார். “ஏலே, இந்தப் புகை கொசுவ விரட்டக் காணாதுலே. முன்வரிசைக்கு மேடையே தெரியக்கூடாது. ரெண்டு பங்கா வையி!”

செழியனுக்கு வாயெல்லாம் பல். மனுஷன் தன் தலையில் தானே மண்ணை அள்ளிப் போட்டுக்கொள்கிறாரே!

திருநாளன்று கூட்டம் அலைமோதியது. முன்வரிசையில் பொன்னுத்தங்கம், பக்கத்தில் வேட்டி மடிப்புக் கலையாமல் லட்சுமிகாந்தம். ரோஜாவுக்குப் பாதி வசனம் மறந்துபோய், பயத்தில் சிரிப்பு சிரிப்பாக வந்தது. “வெட்டப் போறாக, சிரிக்கா பாரு! புனிதைன்னா சும்மாவா?” என்று ஒருத்தி கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

வாள் இறங்கியது. மின்னலா அது! தீபாவளிக்கு விற்காத சரக்கையெல்லாம் செழியன் கொண்டுவந்து இறக்கிவிட்டான் போல. கண்ணைப் பறிக்கும் வெளிச்சம், அதன்மேல் குபுகுபுவென்று புகை. வெடிச்சத்தத்திலேயே பிறந்து வளர்ந்த சனமே “ஆத்தாடி!” என்று வாயைப் பிளந்தது.

ஒன்றும் தெரியாத புகையில் ஒரு கை ரோஜாவின் கையைப் பற்றி இழுத்தது. படியிறங்கி, சந்தில் திரும்பி, செருப்பு போனாலும் போகட்டும் என்று இழுத்த இழுப்புக்கு ஓடினாள். அந்தக் கை அவளை ஆம்னியின் பின்சீட்டில் தள்ளிவிட்டு மறைந்தது. அவளுக்கு இருமலும் சிரிப்பும் ஒன்றாக வந்தன.

அதற்கப்புறம்தான் செழியன் மூச்சிரைக்க ஓடிவந்து ஏறினான். “எங்கன போன ரோசா? மேடையெல்லாம் தேடிட்டு வாரேன்!”

“நீங்கதான என்னையக் கூட்டியாந்தீக?”

“நானா?”

கோயில் பக்கம் புகை கலையத் தொடங்கியிருந்தது. “மேடையில ஒருத்தரையும் காணோம்! புதுமை! பார்பரம்மா செஞ்ச புதுமை!” என்று சனம் மொத்தமும் முழந்தாளிட்டது.

கதிரவன் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி பேந்தப் பேந்த விழித்துக்கொண்டிருந்தான். அவனுக்குப் பக்கத்துச் சீட்டிலிருந்து ஒட்டுத்தாடியும் அட்டைக் கிரீடமுமாக ஒரு தலை பின்னால் திரும்பியது.

“கதவச் சாத்துங்க மாப்ளே, உங்க அத்தை எந்திரிச்சிட்டா!”