ஊதாப் பவளம்

இளையவரின் பேன்ட் நனைந்திருந்தது. இடது தொடைக்கு மேலே ஈரம் பரவிக்கொண்டே போனது. மூத்தவரின் மனைவி பார்த்தும் பார்க்காததுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"என்ன சகலை, வந்து உக்காரக்கூட இல்ல, அதுக்குள்ள கிளம்பறீங்க?" என்றார் மூத்தவர்.

"அவசரம் சகலை."

"பாத்ரூம் இந்தப் பக்கம் இருக்கே."

"எனக்கு எங்க வீட்லதான் சரிப்படும்," என்று சொல்லிவிட்டு இளையவர் செருப்பை மாட்டினார்.

மானம் போனது போனதுதான். ஆனால் பேன்ட் பையில் இருப்பது தெரிந்துபோவதைவிட இது எவ்வளவோ மேல். உள்ளே, ஒழுகும் பிளாஸ்டிக் பைக்குள், விரல் நீளத்துக்கு ஓர் ஊதாப் பவளக் கிளை இருந்தது. மூத்தவர் போன் பேச வெளியே போன நேரத்தில் அவருடைய கடல் தொட்டிக்குள் கைவிட்டு ஒடித்தது. பவளம் பார்க்கத்தான் செடி மாதிரி, உண்மையில் உயிருள்ள பிராணி. தண்ணீர் ஒழுகித் தீர்வதற்குள் வீடு போய்ச் சேர வேண்டும்.

அக்காவைக் கட்டியவர் மூத்தவர், தங்கையைக் கட்டியவர் இளையவர். இரண்டு வீட்டு ஹாலிலும் உப்புத் தண்ணீர்த் தொட்டி உண்டு. மூத்தவர் தொட்டியில் பவளம் பூத்துக் கிடக்கும். இளையவர் தொட்டியில் மூச்சு விடும், அவ்வளவுதான்.

பவளம் வளர்ப்பவர்கள் ஒருவருக்கொருவர் கிளை ஒடித்துக் கொடுப்பது வழக்கம். ஒரு தொட்டியில் செத்தாலும் இன்னொரு தொட்டியில் வம்சம் மிஞ்சும். மூத்தவரும் எதைக் கேட்டாலும் ஒடித்துத் தருகிறவர்தான். அந்த ஊதாவைக் கேட்டால் மட்டும் முகம் மாறிவிடும்.

"உங்க தண்ணிக்கு அது வராது சகலை. விடுங்க."

அந்த ஒரு வார்த்தை இளையவரைத் திருட வைத்தது.

வீட்டுக்கு வந்ததும் கிளையைப் பசை தடவிக் கல்லில் ஒட்டினார். "மாமா குடுத்தாரா?" என்று ஆசையாகக் கேட்டாள் மனைவி.

"ம்," என்றார். அதற்குமேல் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அன்றிலிருந்து மூத்தவர் வருகிறார் என்றால் அந்தக் கல்லைப் பெரிய பாறைக்குப் பின்னால் ஒளித்துவைத்தார். சொந்த வீட்டிலேயே திருட்டு முழி முழிக்கும்படி ஆகிவிட்டது. தூக்கம்கூடச் சரியாக வரவில்லை.

பவளமும் அவர் மானத்தைக் காப்பாற்றவில்லை. நாளாக ஆக ஊதா மங்கி, கடைசியில் வெறும் காப்பிக் கலரில் வந்து நின்றது. "தீனிய அள்ளிக் கொட்டாதீங்க சகலை, தண்ணி கெட்டா பவளத்துக்கு நிறம் போயிடும்," என்று மூத்தவர் படித்துப் படித்துச் சொன்னதுதான். ஆனால் மீன் வாயைத் திறந்து திறந்து மூடினால் இளையவருக்கு மனசு கேட்பதில்லை.

தொட்டிக் கண்ணாடியைத் துடைக்க வந்த மனைவி உற்றுப் பார்த்தாள். "முன்னாடி நம்மகிட்ட ஒண்ணு இருந்துச்சே, அது மாதிரியே ஆயிடுச்சு. அதுல ஒரு கிளை ஒடிஞ்சிருந்ததுக்கு, நான் துடைக்கறப்ப ஒடிச்சேன்னு என்னைப் பிடிச்சு அந்தத் திட்டு திட்டுனீங்க."

"அதுவும் இதுவும் ஒண்ணா? அது ஒண்ணுக்கும் உதவாதது. அதான் செத்தும் போச்சே."

"நான் ஒடிக்கல," என்றாள் அவள், எப்போதும் சொல்வதுபோல.

அந்தக் கோடையில் மூத்தவர் குடும்பத்தோடு வெளியூர் போயிருந்தபோது, அவர் தொட்டியைக் குளிர்விக்கும் மெஷின் நின்றுபோனது. திரும்பி வந்து பார்த்தால் பவளமெல்லாம் எலும்பாக வெளுத்துக் கிடந்தன. வீட்டில் இருக்கப் பிடிக்காமல் இளையவர் வீட்டுக்கு வந்து சோபாவில் சரிந்தார்.

"எல்லாம் போச்சு சகலை. அந்த ஊதாகூடப் போயிடுச்சு." மூத்தவர் தலையில் அடித்துக்கொண்டார். "யாருக்காவது ஒரு துண்டு குடுத்திருந்தா இன்னைக்கு அது உயிரோட இருந்திருக்கும். பாவி, நான் குடுக்கலையே."

இளையவரின் கண் தொட்டிப் பாறைப் பக்கம் போனது. வாயை மூடிக்கொண்டு இருந்தால் மரியாதை மிஞ்சும், ஆனால் மிச்சமிருக்கும் ஒரே கிளையும் தன் கெட்ட தண்ணீரில் செத்துப்போகும். பக்கத்தில் மனைவி வேறு துடைக்கும் துணியோடு நிற்கிறாள். அவளிடம் சொன்ன பொய்யும் சேர்ந்தே சந்திக்கு வரும்.

வந்தால் வரட்டும் என்று சட்டைக் கையை மடித்தார். தொட்டிக்குள் கைவிட்டு, பாறைக்குப் பின்னால் இருந்த கல்லை முன்னால் நகர்த்தினார்.

"இது உங்க ஊதாதான் சகலை. அன்னைக்கு என் பேன்ட் நனைஞ்சது இதனாலதான். திருடிட்டேன். நிறம் போயிடுச்சு, ஆனா உயிர் இருக்கு. உங்க கைக்கு வந்தா மறுபடியும் ஊதாவாயிடும், எடுத்துட்டுப் போங்க. செருப்பால அடிச்சாலும் வாங்கிக்கறேன்."

மனைவி அவரை ஒரு பார்வை பார்த்தாள். அவருக்கு உடம்பே கூசியது.

மூத்தவர் எழுந்து வந்து தொட்டிக்கு முன்னால் குனிந்தார். காப்பிக் கலரில் நின்ற அந்தக் கிளையை வெகுநேரம் பார்த்தார். இப்போது கத்துவார், இப்போது கத்துவார் என்று இளையவர் காத்திருந்தார்.

மூத்தவர் கத்தவில்லை. குனிந்த தலையையும் நிமிர்த்தவில்லை. துணியோடு நின்ற மைத்துனி பக்கம் திரும்பக்கூட முடியாமல், கண்ணாடியைப் பார்த்தபடியே மெல்லச் சொன்னார்.

"இங்கேர்ந்து நான் ஒடிச்சப்பவும் இதே கலர்தான் சகலை."