திருப்பாத அட்டை

புத்தாண்டு ஆராதனை முடிந்ததும் எல்லோரும் வாக்குத்தத்த அட்டை எடுக்க வரிசையில் நின்றார்கள். போதகர் ஏந்திய தட்டில் அட்டைகள் குப்புறக் கிடந்தன. எடுப்பவருக்கு அந்த வருடம் ஆண்டவர் தரும் வசனம் அதில் இருக்கும். சென்ற வருடம் ஞானதுரைக்கு நீடித்த ஆயுள் என்று வந்தது. ஜூலையில் நெஞ்சுவலி வந்து இறந்துபோனார்.

அவர் மனைவி பெர்சியாளும் வரிசையில் நின்றாள். ஞானதுரையின் தங்கை தெபோராள் அவள் கையைப் பிடித்து இழுத்தாள்.

“எங்கண்ணனுக்குச் சொன்னது பத்தாதா மைனி? இன்னொண்ணு வேற வேணுமா?”

“விடு தெபோரா.”

“ஏன் இப்படிப் பண்ணுனீருன்னு ஆண்டவர்ட்ட கேக்கத் தோணலையா ஒங்களுக்கு?”

“தெனமும் கேக்கேன்.”

“என்ன சொன்னாராம்?”

“ஒண்ணும் சொல்லல.”

“பின்ன என்னத்துக்கு இங்க நிக்கீங்க? ஐயாட்டயாவது கேளுங்க.”

“அவருக்கு என்ன தெரியும், பாவம்.”

போதகரின் காதில் அது விழுந்தது. முன்னால் வந்தவர்கள் கண்ணை மூடி, அட்டைகளைக் கலைத்து, அடியிலிருந்து உருவி எடுத்திருந்தார்கள். பெர்சியாள் கைக்கு எட்டிய ஒன்றை எடுத்தாள். அத்தனை நேராக ஒரு கை தட்டுக்கு வந்து அவர் பார்த்ததில்லை. அவள் அதைத் திருப்பாமலே வேதாகமத்துக்குள் வைத்தாள்.

“வாசிக்கலையாம்மா?”

“இருக்கட்டும் ஐயா. என்ன போட்டிருந்தாலும் ஆண்டவர்கூடத்தான போகப்போறேன்.”

அவள் நகர்ந்தாள். தட்டுக்கு முன்னால் இப்போது தெபோராள் நின்றாள். கை நீட்டவில்லை, விலகவும் இல்லை. போதகர் தட்டை ஏந்தியபடி காத்திருந்தார். பின்னால் நின்ற யாரும் அவளை அவசரப்படுத்தவில்லை.