வாய் திறக்காத நிரல்

"புரொசீஜர் பதில் சொல்லாம முடிஞ்சா, இனிமே பூஜ்யம் வரக்கூடாது. 'தெரியாது'ன்னுதான் வரணும்" என்றார் கூட்டத்தில் கணினி மொழி வடிவமைப்பாளர்.

நோண்டிக்குக் காது குளிர்ந்தது. சோதனைப் பிரிவில் எதையும் கிண்டிப் பார்ப்பதால் அவனுக்கு அந்தப் பெயர். தரவுத்தளத்தில் சேமித்து வைத்திருக்கும் புரொசீஜர் என்ற நிரல் வாய் திறக்காவிட்டால் பூஜ்யம், பூஜ்யம் என்றால் கோளாறு இல்லை என்று அடம்பிடித்து விதி எழுதியவரே இவர்தான்.

"மௌனம் சம்மதம்னு மேசையைத் தட்டினது யாருண்ணே?"

"நான்தான்."

"நான் தலைகீழா நின்னு வேணாம்னேன். வாயை அடைச்சீங்க."

"அடைச்சேன். தப்புதான்."

கூட்டத்தை நடத்திய பிரிவுத் தலைவி கண்ணாடியைக் கழற்றினார். "மாத்தினா வாடிக்கையாளர்கள் சண்டைக்கு வருவாங்க சார்."

"வரட்டும். நான் பேசிக்கிறேன்."

எவ்வளவு சீண்டியும் சூடேறாமல் மரக்கட்டையாக உட்கார்ந்திருக்கும் மனிதரிடம் எத்தனை நேரம் மல்லுக்கட்டுவது? விதி மாறியது.

வெளியே வந்ததும் நோண்டி அவர் தோளில் கை போட்டான். "ஜெயிச்சவர் மாதிரி கொஞ்சம் சிரிங்கண்ணே. எந்த வாடிக்கையாளர்கிட்ட வாங்கிக் கட்டிக்கிட்டீங்க?"

"ஒரு ஆஸ்பத்திரி. போன வருஷம் ஸ்கேன் மெஷின் பாதியில நின்னுருச்சாம். நிரல் பதிலே சொல்லல. நம்ம மொழி 'கட்டி: பூஜ்யம்'னு அச்சடிச்சுக் குடுத்துருச்சு."

"அடப்பாவமே. யாருக்கு?"

"உங்க அண்ணிக்கு" என்றார் அவர். "ஒரு வருஷம் ரெண்டு பேரும் நிம்மதியா இருந்தோம்."