கண்டன உரை

மேடையில் ஏறித் தாளைப் பிரித்த பிறகுதான் கிளாஃபிரா ப்ளாத்தோனவ்னாவுக்குத் தெரிந்தது, மூக்குக்கண்ணாடி இல்லை.

கோட்டுப் பையில் தேடினார். கைப்பையில் தேடினார். எங்கே இருக்கும் என்று அவருக்கே தெரியும். மின்வேதியியல் ஆய்வுக்கூடத்தில், பாதரசக் கலத்துக்குப் பக்கத்தில். காலமெல்லாம் அங்கேதான் வைத்து மறக்கிறார்.

தாளில் எழுத்துகள் எறும்பாக ஊர்ந்தன.

வெள்ளெழுத்து வந்தவர்களின் சாபம் இது. கையில் இருப்பது தெரியாது, தூரத்தில் இருப்பது மட்டும் பளிச்சென்று தெரியும்.

நான்காவது வரிசை பளிச்சென்று தெரிந்தது. அதில் அவருடைய பழைய மாணவன், இப்போது அவர் கூடத்திலேயே வேலை பார்க்கும் வேன்யா தனியாக உட்கார்ந்திருந்தான். இரண்டு பக்கமும் நாற்காலிகள் காலி. போன வாரம்வரை அவனோடு சேர்ந்து தேநீர் குடித்தவர்கள் இன்று அவன் பக்கத்தில் உட்காரப் பயந்தார்கள்.

யூதனான அவன் இஸ்ரேலுக்குக் குடிபோக மனுப் போட்டிருந்தான். அவ்வளவுதான் அவன் செய்த குற்றம்.

மனுப் போட்டவனை நிறுவனமே கூடிக் கண்டிக்க வேண்டும். அவனை வளர்த்து ஆளாக்கியவர் முதலில் பேச வேண்டும். இப்போதெல்லாம் லெனின்கிராடில் அதுதான் வழக்கம். வாய் திறக்காவிட்டால் வளர்த்தவர் தலையும் உருளும்.

தன் தலையைப் பற்றி கிளாஃபிராவுக்குக் கவலையில்லை. கவலையெல்லாம் ஆய்வுக்கூடத்தைப் பற்றித்தான்.

போர்க்காலத்தில் ஆய்வுக்கூடத்தோடு ஊரைக் காலிசெய்து கஸானுக்கு ரயில் ஏறியபோது எல்லோரும் பிள்ளைகளை மடியில் வைத்திருந்தார்கள். அவர் பாதரசப் புட்டியை வைத்திருந்தார். அங்கே மை உறையும் குளிரில், கப்பல் இரும்பைக் கடல்நீர் எப்படித் தின்கிறது என்று துளித் துளியாக அளந்தார். கல்யாணம் கார்த்திகைக்கெல்லாம் நேரம் இருக்கவில்லை. அந்தக் கூடம்தான் வீடு. அதில் இன்று எட்டுப் பேர் பிழைக்கிறார்கள்.

"பேசலேன்னா கூடத்தைப் பூட்ட வேண்டியதுதான்" என்று கட்சிச் செயலாளர் குதேய்கின் சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தார்.

"தோழர்களே" என்று ஆரம்பித்தார் கிளாஃபிரா.

முதல் பத்தி மனப்பாடமாக வந்தது. இரண்டாவது தட்டுத்தடுமாறி வந்தது. தாய்நாட்டின் ரொட்டியைத் தின்றவர், தாய்நாட்டின் செலவில் படித்தவர் என்று சொல்லிக்கொண்டே போனார்.

"அவரை இன்று நான் ஒரு..."

நின்றுவிட்டது. அடுத்த வார்த்தை மனதிலிருந்து துடைத்துவிட்டதுபோல் போய்விட்டது.

"என்னங்க கிளாஃபிரா ப்ளாத்தோனவ்னா, தொண்டை அடைச்சுக்கிச்சா? நிதானமா பேசுங்க. ஓடிப்போற அவசரம் அவனுக்குத்தான், நமக்கில்ல" என்றார் குதேய்கின்.

அரங்கில் சிரித்தார்கள். எந்த இடத்தில் சிரிக்க வேண்டும் என்று அவர்களுக்கு நன்றாகப் பழகியிருந்தது.

"கண்ணாடிய மறந்துட்டேன்."

"அட, இதுக்கா முழிக்கிறீங்க? கொடுங்க இப்படி, நானே படிச்சிடறேன்."

கிளாஃபிரா சட்டென்று தாளை மார்போடு அணைத்துக்கொண்டார்.

நீட்டிய கை அப்படியே நின்றது. குதேய்கினின் சிரிப்பு மெல்லக் குறைந்தது. பிறகு தன் கண்ணாடியைக் கழற்றி நீட்டினார்.

"சரி, இதையாவது போட்டுக்குங்க."

போட்டுப் பார்த்தார். எறும்புகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு ஒரே கறுப்பாக ஆயின. கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். எங்கே போய் முட்டிக்கொள்வது என்று இருந்தது. அழுகை வந்தது. அழுதால் கூடம் போய்விடும்.

நான்காவது வரிசையைப் பார்த்தார்.

அதுவரை குனிந்தே இருந்த வேன்யா நிமிர்ந்தான். அவன் உதடு அசைந்தது. சத்தமில்லாமல், மெதுவாக.

கருத்தரங்குகளில் அவர் திணறும்போதெல்லாம் எண்களை அப்படித்தான் எடுத்துக் கொடுப்பான்.

பின்னால் இருந்தவர்களுக்கு அவன் முதுகுதான் தெரியும். முன்னால் இருந்தவர்கள் அவனைத் திரும்பிப் பார்க்கத் துணியவில்லை. குதேய்கினுக்கோ கண்ணாடி இல்லாமல் முதல் வரிசையே மங்கல்.

கிளாஃபிரா வேண்டாம் என்பதுபோல் தலையை அசைத்தார். உதடு மறுபடியும் அதையே சொன்னது.

"...துரோகி என்கிறேன்" என்றார் கிளாஃபிரா.

உதடு அடுத்த வார்த்தைக்குப் போனது. அவரும் போனார். கடைசி வரிவரை கண்ணை எடுக்கவில்லை, எடுத்தால் வார்த்தை இல்லை.

கை தட்டினார்கள். பிறகு கை தூக்கினார்கள். ஒருமனதாக வேன்யாவை வேலையை விட்டு நீக்கினார்கள்.

கிளாஃபிரா தாளை மடித்துக் கைப்பையின் அடியில் திணித்தார். குதேய்கின் வாங்கிப் பார்த்திருந்தால் தீர்ந்தது. முத்து முத்தான அந்தக் கையெழுத்தை நிறுவனத்தில் அறியாதவர் இல்லை. பல வருடங்களாக அவருடைய அறிக்கைகளையெல்லாம் எழுதிய கை அது.

நேற்றுச் சாயங்காலம் பாதரசக் கலத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து இதையும் வேன்யாதான் எழுதினான். நீங்க எழுதினா பாசம் தெரிஞ்சிடும், கூடத்தைப் பூட்டிடுவாங்க என்று சொல்லி, அவரைப் படிக்கவைத்துத் திருத்தினான்.

பதிலுக்கு ஒன்றே ஒன்றுதான் கேட்டான்.

"அந்த வார்த்தை வர்றப்ப மட்டும் என்னப் பார்க்காதீங்க."