மூடிய கடையில் ஒரு மேசை

"நானா, நீங்க வைன் கடைக்குள்ள போனது மெய்யா?"

அஸர் தொழுகைக்குப் பிறகு பள்ளிவாசல் நிருவாகசபை கூடியதும் செயலாளர் ஹுனைஸ் கேட்ட முதல் கேள்வி. கேட்டது தலைவர் மீராசாஹிபிடம்.

"ஓம், போனதுதான்."

குறிஞ்சிப்பிட்டிக் கடற்கரையில் அந்த இத்தாலிச் சாப்பாட்டுக் கடை திறந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. இத்தாலியில் கோப்பை கழுவி, சமையல் பழகித் திரும்பிய அல்பேட்டின் கடை. சாப்பாட்டோடு வைனும் உண்டு. கடலில் பட்டம் பிடித்துப் பாயும் வெள்ளைக்காரர்களை நம்பிப் போட்டது.

கடை வேண்டாமென்று ஊர் கொடுத்த மனுவில் முதல் கையெழுத்து மீராசாஹிபுடையது. அவர் வீட்டுக்கும் கடைக்கும் நடுவில் ஒரே மதில்.

அப்பேர்ப்பட்டவர், நேற்றும் முந்தாநாளும் மஃரிப் தொழுகை முடிந்ததும் துணிப்பையோடு அதற்குள் போனார். முன்வாசலில் பூட்டு. அவருக்கு மட்டும் பின்கதவு திறந்தது. கண்ணாடிக்குள்ளால் எட்டிப் பார்த்தவர்கள் நீட்டுக்கால் கிளாஸில் சிவப்பாக ஏதோ கண்டார்கள்.

அந்த ஒரு கிளாஸ் கற்பிட்டிச் சந்தியில் போத்தலானது. அடுத்த ஊரான முந்தலுக்குப் போய்ச் சேர்ந்தபோது பீப்பாய். மீராசாஹிப் அதற்குள் நீந்திக்கொண்டிருந்தார்.

"பைக்குள்ள என்ன, நானா?"

"சொல்ல ஏலா."

"இனியும் போவீங்களா?"

"இண்டைக்கும் போகணும். நாளைக்குத் தேவைப்படாது."

ஹுனைஸ் தலைவரின் கதிரையைக் காட்டினான்.

"ஒங்கட வாப்பா இருந்த கதிரை நானா இது. என்னத்துக்குப் போனண்டு ஒரு சொல் சொல்லுங்க. நம்புறம்."

மீராசாஹிப் கதிரையைத் தடவிப் பார்த்தார். பிறகு பள்ளிச் சாவியை மேசையில் வைத்துவிட்டு எழும்பிப் போய்விட்டார்.

மஃரிப் முடிந்ததும் ஹுனைஸ் கைபேசியோடு அவர் பின்னால் போனான். அவரை விலக்கியது அநியாயமென்று நாளைக்கு ஒருவரும் சொல்லக்கூடாது. ஒரு படம் போதும். பின்கதவு ஒருக்களித்துக் கிடந்தது.

உள்ளே அடுப்படி இருட்டு. வெள்ளைத் துணி விரித்த மேசைகளில் ஒன்றில் மட்டும் இரண்டு பேர். நடுவில் சோத்துச் சட்டி, மீன் ஆணம். மீராசாஹிப் பிளாஸ்கிலிருந்து, பால் விடாத சிவந்த பிளேன்ரீயை அந்த நீட்டுக்கால் கிளாஸில் ஊற்றி நீட்டினார்.

"குடிங்க அல்பேட். ஆறிப்போகும்."

"ஷானிகாவ இண்டைக்கு அடக்கிட்டாங்க நானா. போன்லதான் பார்த்தன். கடைசிமட்டும் விசா தரல்ல."

அல்பேட் கடை நடத்த, அவர் மனைவி ஷானிகா இத்தாலியிலேயே தங்கி வயோதிபர்களைப் பார்த்துக் காசு அனுப்பிக்கொண்டிருந்தாள். இங்கே அல்பேட்டுக்குச் சொந்தமென்று ஒருவரும் இல்லை.

"ஒரு புடி தின்னுங்க. எங்கட வூட்டுல ஸக்கியா ஆக்கினது. சட்டி திரும்பிப் போனா எனக்குத்தான் ஏச்சு."

ஹுனைஸ் படமெடுக்கத் தூக்கிய கைபேசியைத் தாழ்த்தினான். சட்டைப்பைக்குள் பள்ளிச் சாவி குத்தியது.

"நானா... பின்னேரம் இத ஒரு சொல் சொல்லியிருக்கலாமே?"

மீராசாஹிப் திரும்பினார்.

"மய்யத்து வூட்டுக்குக் குடுத்த சோத்தச் சொல்லிக் காட்டியா கதிரையக் காப்பாத்துற?"

ஹுனைஸுக்கு வாய் சும்மா இருக்கவில்லை. குரலைத் தாழ்த்திக் கேட்டான்.

"மய்யத்து வூட்டுல மூணு நாள் அடுப்பு மூட்டாம, சோறு குடுத்து விடுறது எங்கட வழக்கம். இவர் சேர்ச்சுக்குப் போற வேதக்காரர். இவருக்கு அந்த வழக்கம் இல்லயே, நானா?"

மீராசாஹிப் பக்கத்துக் கதிரையை அவனுக்காக இழுத்துப் போட்டார்.

"சோறு குடுக்கிறது மய்யத்து வூட்டான்ட வழக்கமில்ல தம்பி. பக்கத்து வூட்டான்ட வழக்கம்."